கம்பெனி கம்ப்யூட்டரும் ராக்கியப்பன் மீசையும்

வெள்ளக்கரட்டூர் மாட்டுத் தரகர்களுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லாருக்கும் வேண்டிய அளவு இருந்தது. வீணாகிவிடக் கூடாதே என்று யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமைதோறும் அங்கே மாட்டுச் சந்தை. சந்தைக்குள் தரகர் சங்கத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. சங்கத்தில் மொத்தம் நாலு பேர். தலைவர் பொங்கியண்ணன், மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பது போலவே பேசுவார். பொருளாளர் ராக்கியப்பன். செயலாளர் நாச்சிமுத்து, ராக்கியப்பனின் மச்சான். மூன்று பேர் பதவிக்குப் போய்விட்டதால், சங்கத்தின் ஒரே உறுப்பினர் செங்கோடன்.

ராக்கியப்பனைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் அவருடைய மீசையைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் காங்கேயம் காளைக் கொம்பு போல வளைந்து மேலே போகும். அந்த மீசையால்தான் மகள் பூங்கோதைக்கு மாப்பிள்ளையே அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா அத்தியப்பன் நிலம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் உண்டா என்று ஒன்றும் கேட்கவில்லை. ராக்கியப்பனின் போட்டோவைப் பார்த்தார். "இப்புடி ஒரு மீசைய வளக்கத் தெரிஞ்ச மனுசன் புள்ளையையும் ஒழுங்காத்தான் வளத்திருப்பாரு" என்று சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

நாச்சிமுத்துவுக்கும் மீசை உண்டு. மச்சானுக்கு மட்டும் ஒரு மீசை இருப்பது பொறுக்காமல் வளர்த்தது. பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அச்சு அதே மீசை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஊரில், சந்தைக் குத்தகைதாரர் ஒருநாள் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த வியாபாரிகளே, தரகர்களே. வருகிற வியாழக்கிழமை முதல் தரகர் சங்கம் கையால் எழுதிக் கொடுக்கும் மாட்டு விற்பனைச் சீட்டு செல்லாது, செல்லாது, செல்லாது. கம்ப்யூட்டர் சீட்டு இருந்தால்தான் மாடு கேட்டைத் தாண்டும். கம்ப்யூட்டர் இல்லாத சங்கம் கொட்டகையைக் காலி செய்து தரும்படி தாழ்மையுடன், தாழ்மையுடன், தாழ்மையுடன்…"

மைக் கோளாறா, இவருக்கே அவ்வளவு தாழ்மையா என்று தெரியவில்லை. சங்கம் அன்று மத்தியானமே கூடியது.

நாச்சிமுத்து ஆரம்பித்தார். "கம்ப்யூட்டர்ல ரெண்டு ரகம் இருக்குதுங்க தலைவரே. ஒண்ணு கம்பெனிது. கடைக்குப் போனா அப்படியே பெட்டியோட தூக்கிட்டு வரலாம். இன்னொண்ணு அசெம்பிள். பாகம் பாகமா வாங்கிக் கோத்துக்கறது."

"பாகம் பாகமா வாங்கறதா இருந்தா அது கறிக்கடைங்களே" என்றார் செங்கோடன்.

ராக்கியப்பன் தொடையைத் தட்டினார். "கேளு மச்சான், நல்லாக் கேளு. தலை ஒரு ஊரு, வயிறு ஒரு ஊரு, வாலு இன்னொரு ஊரு. நாளைக்கு ஒருத்தன் வந்து இதுக்குத் தாயி தகப்பன் யாருன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"கம்பெனிக்காரன் மட்டும் என்ன, ஈத்தெடுத்தா விக்கறான்? அவனும் அதே பாகத்தை வாங்கித்தான் கோக்கறான். மேல பேரை ஒட்டி, டிவியில ஒரு புள்ளைய ஆட உட்டு, அந்த ஆட்டத்துக்கும் சேத்து நம்மகிட்ட வாங்கிக்கறான்."

அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். அதனால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. சொன்ன நாச்சிமுத்துவே, அதற்குப் பிறகு அதைத் திரும்பச் சொல்லவில்லை.

ராக்கியப்பன் எழுந்து நின்றார். டிவியில் வரும் கம்ப்யூட்டர் கம்பெனி விளம்பரத்தின் இடிக்குரலைத் தொண்டைக்குள் வரவழைத்தார். "ஜெனிட்ரா… உங்கள் குடும்பத்தில் ஒருவர்."

பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரோ எவரோ, நம்ம குடும்பத்துல ஒருத்தனா வர்றேங்கறான். வேண்டாம்னு சொல்ல நமக்கு வாய் வருமா? கம்பெனி கம்ப்யூட்டரே வாங்குவோம்."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. "சரி வாங்குங்க. நான் என்ற சொந்தச் செலவுல அசெம்பிள் கொண்டாறேன். வியாழக்கெழம ரெண்டும் நிக்கட்டும். கம்பெனிது பிரயோசனமில்லைன்னு ஆச்சுன்னா என்ன மாப்ளே பண்ணுவே?"

"நடுச் சந்தையில மீசைய எடுத்துக்கறேன். உன்றது பிரயோசனமில்லைன்னா?"

"நானும் எடுத்துக்கறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் ராக்கியப்பனுக்கு, அந்த வியாழன் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்பது நினைவுக்கு வந்தது. அவருக்கு முன்னாலேயே வீட்டில் அவர் மனைவி தெய்வாத்தாளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

"மொட்டை மூஞ்சியோட போயி நிச்சயத்துல நின்னீங்கன்னா சம்பந்தி உங்கள சமையக்காரர்னு நெனச்சுக்குவாரு. சாம்பார்ல உப்பு கம்மின்னு உங்ககிட்டத்தான் சொல்லுவாரு. பொண்ணோட அப்பா எங்கேன்னு தேடிட்டு, இல்லைன்னதும் தட்டத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாரு."

"கம்பெனி கைவிடாது புள்ளே" என்றார் ராக்கியப்பன். கை மட்டும் மீசையை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் தலைவரும் ராக்கியப்பனும் செங்கோடனும் டவுனுக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம். கழுத்தில் பட்டை கட்டிய ஒரு விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்.

"வெல்கம் சார். என்ன கான்ஃபிகரேஷன் சார் பாக்கறீங்க? வீட்டு யூஸா, ஆபீஸ் யூஸா?"

"மொதல்ல பல்லப் பாக்கோணும்" என்றார் பொங்கியண்ணன்.

பையனுக்குப் புரியவில்லை. ஆனால் வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்லவேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். "கண்டிப்பா சார்" என்று மேசைக்கு அழைத்துப் போனார். மாட்டின் பல்லை எண்ணி வயசு சொல்லிப் பழகிய ராக்கியப்பன் கீபோர்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாப் பல்லும் மொளச்சிருச்சு தலைவரே. வயசான உருப்படி."

"சார், இது டிஸ்ப்ளே பீஸ் சார். உங்களுக்கு உள்ளேர்ந்து ஃப்ரெஷ் பீஸ் தருவோம். சீல் பேக்."

"அதுக்கு இன்னும் பல்லு மொளைக்கல?"

"யாருமே தொட்டிருக்க மாட்டாங்க சார்."

"கன்னுக்குட்டி" என்று மூவரும் தலையாட்டினார்கள்.

செங்கோடன் அதற்குள், மாட்டுக்குச் சுழி பார்ப்பது போல, பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "பொறத்தால ஒரு சுழி இருக்குதுங்க. சும்மா இல்ல, சுத்திக்கிட்டே இருக்குது."

"அது கூலிங் ஃபேன் சார்."

"பொறத்தால சுழி இருந்தா வாங்கறவனுக்குத் தோசமில்ல" என்றார் தலைவர். "விக்கறவனுக்குத்தான்."

பையன் அந்தப் பக்கத்தை அவசரமாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

இனி விலை. மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒருவன் கையை இழுத்துக்கொண்டால் வியாபாரம் வேண்டாம் என்று அர்த்தம். தலையை ஆட்டினால் சரி என்று அர்த்தம். ராக்கியப்பன் தோளில் கிடந்த துண்டை உருவி, பையன் கையின் மேல் போட்டு, உள்ளே கையை விட்டார்.

"சார்… சார், என்ன சார் பண்றீங்க. ஃபிக்ஸட் ப்ரைஸ் சார். மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க சார்."

"பேசப்படாது. விரல்தான் பேசோணும்."

காளையை மூக்கணாங்கயிறோடு இழுத்து நிறுத்திப் பழகிய கை. பையன் நெளிந்தார். ஏ.சி.யிலும் நெற்றி வியர்த்தது. கடைசியில் வலி தாங்காமல் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"முடிஞ்சுது" என்று ராக்கியப்பன் துண்டை எடுத்து உதறினார்.

பில்லில் ஸ்டிக்கரில் இருந்த விலையேதான் இருந்தது. ஆனாலும் மூவருக்கும் திருப்தி. "அவன் கேட்டதத்தான் குடுத்தோம்" என்றார் ராக்கியப்பன். "ஆனா எவ்வளவு கஷ்டப்பட்டுக் கேட்டான் பாத்தீங்களா?"

பெட்டி வந்தது. அதோடு ஒரு நெகிழிப் பையில் ஒயர்கள் வந்தன. ராக்கியப்பன் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாட்டை விற்றவன் பழைய கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வதும், வாங்கியவன் புதுக்கயிறு போட்டு ஓட்டிப்போவதும் அந்தப் பக்கத்துச் சந்தை வழக்கம். அடுத்தவன் கயிற்றோடு மாட்டைக் கொண்டுபோவது மரியாதை இல்லை.

"சார், பவர் கார்டு சார் இது. இது இல்லாம…"

"உங்க கயிறு உங்களுக்கு. நாங்க புதுசு கொண்டாந்திருக்கறோம்" என்று செங்கோடன் மடியிலிருந்து ஒரு புதுக் கயிற்றை எடுத்துப் பெட்டிக்குக் கட்டினார்.

பையன் அதற்குமேல் அந்த விஷயத்தில் இறங்கவில்லை. விரல் இன்னும் வலித்தது. மனப்பாடம் செய்ததை மட்டும் சொன்னார். "மூணு வருஷம் வாரண்டி சார். ஒண்ணே ஒண்ணு ரொம்ப முக்கியம். சீலை மட்டும் நீங்களா பிரிச்சுடாதீங்க. சீல் பிரிஞ்சா வாரண்டி போச்சு."

அவர் சொன்னது கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் கட்டைவிரல் அகல ஸ்டிக்கரை. மூவரும் பார்த்தது அட்டைப்பெட்டியின் வாயை மூடியிருந்த பட்டையான டேப்பை.

"அப்ப எப்பத்தான் பிரிக்கறதுங்க?" என்றார் செங்கோடன்.

"வாரண்டி முடிஞ்சப்புறம் யார் வேணா பிரிக்கலாம் சார்."

"மூணு வருசந்தானே" என்றார் பொங்கியண்ணன். "நல்ல காளைக் கன்னு வாங்கினாலும் ஏர்ல பூட்டறதுக்கு மூணு வருசம் ஆகத்தான் செய்யும்."

பெட்டியின் பக்கவாட்டில் மூன்று படங்கள் அச்சடித்திருந்தன. ஒரு அம்புக்குறி, ஒரு குடை, ஒரு கண்ணாடி டம்ளர். கம்பெனி சொல்லி ஒன்றைச் செய்யாமல் விடக்கூடாது என்று கடைவீதியிலேயே ஒரு குடை வாங்கினார்கள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. செங்கோடன் குடையைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

"பெட்டிக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"லக்கேஜ் இல்லீங்க" என்றார் ராக்கியப்பன். "எங்க குடும்பத்துல ஒருத்தர்."

கண்டக்டர் காலையிலிருந்து நின்றே களைத்திருந்தார். "என்ன வயசு?"

"மூணு வருசந்தானுங்க சொன்னாங்க."

"அப்ப டிக்கெட் வேண்டாம். மடியில வெச்சுக்கங்க."

ஊர் வந்ததும் பெட்டியைக் கொட்டகையில் இறக்கி, முன்னால் ஒரு டம்ளர் மோர் வைத்தார்கள். "வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கோணும்னு பெட்டியிலயே போட்டிருக்கறான் பாருங்க" என்று தலைவர் நெகிழ்ந்தார். "எவ்வளவு மரியாதை தெரிஞ்ச கம்பெனி."

எதிர்மூலையில் நாச்சிமுத்துவின் அசெம்பிள் கம்ப்யூட்டர் ஏற்கெனவே வந்திருந்தது. பார்க்க நன்றாக இல்லை. ஒரு பக்கத் தகடு இல்லாமல் குடல் வெளியே தெரிந்தது. வயிற்றுக்குள் காற்றுப் போக ஒரு டேபிள் ஃபேன் திருப்பி வைத்திருந்தது. நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினார். கறவை மாடு செருமுவது போல ஒரு சத்தம். திரையில் வெளிச்சம் வந்தது.

ராக்கியப்பன் திரும்பித் தன்னுடைய கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்குள் குடைநிழலில் அடக்கமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் பெட்டியின் மேலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

"வணக்கம். ஜெனிட்ராவுக்கு அழைத்ததற்கு நன்றி. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்." பிறகு ஒரு பாட்டு. ராக்கியப்பன் எழுந்து நின்றுகொண்டார். அவ்வளவு முக்கியமான அழைப்பை உட்கார்ந்துகொண்டு பேசுவது சரியாகப் படவில்லை.

பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தார். "சொல்லுங்க சார், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"அம்மிணி, கம்ப்யூட்டரு ஒண்ணும் செய்ய மாட்டேங்குதுங்க."

"உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் சார். இப்போ உங்களுக்கு முன்னாடி என்ன தெரியுது சார்?"

ராக்கியப்பன் குனிந்து பார்த்தார். "மேல பாத்த மாதிரி ஒரு அம்புக்குறி. ஒரு குடை. ஒரு டம்ளரு."

"சார், அது எங்க லோகோ இல்லையே. கலர் எப்படி இருக்கு சார்?"

"காப்பித்தூள் கலருங்க."

"ஓகே சார். ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க."

"ஆஃபாத்தான் இருக்குதுங்க. வந்ததுலருந்து ஆஃபாத்தான் இருக்குது. அதுல ஒரு குறையுஞ் சொல்ல முடியாதுங்க."

"சீல் ஏதும் பிரிச்சீங்களா சார்?"

"ஐயோ, இல்லீங்க அம்மிணி. குலதெய்வத்து மேல சத்தியமா இல்லீங்க."

"வெரி குட் சார். அப்போ உங்க வாரண்டி பத்திரமா இருக்கு. எங்கள் சேவையில் திருப்தி என்றால் எண் ஒன்றை அழுத்தவும்."

ராக்கியப்பன் ஒன்றை அழுத்தினார். நல்ல பெண். ஆனால் மீசைக்கு வழி பிறக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. கேட்டில் குத்தகைதாரரின் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மாட்டை வாங்கியவர்கள் கொட்டகை முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அசெம்பிள் கம்ப்யூட்டரை வைக்க மேசை இல்லை. நாச்சிமுத்து அதைத் தூக்கி ஜெனிட்ரா பெட்டியின் மேலேயே வைத்தார். ராக்கியப்பனுக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. அடியில் ஒரு கட்டம்.

"என்னமோ கேக்குது" என்றார் செங்கோடன்.

நாச்சிமுத்துவுக்கு அது மட்டும் தெரியும். "இதையெல்லாம் ஒத்துக்கறயான்னு கேக்குதுங்க தலைவரே. ஒத்துக்கிட்டாத்தான் வேலை செய்யுமாம்."

பொங்கியண்ணன் மேல்துண்டைச் சரிசெய்தார். "சங்கம் எதையும் ஏகமனதாகத் தீர்மானித்த பிறகே ஒத்துக்கொள்ளும் என்பது நாம் கண்ட விதி. ஒத்துக்கலாம் என்பவர்கள் கைதூக்கலாம்."

மூன்று கைகள் எழுந்தன.

"நான் ஒத்துக்கலீங்க" என்றார் செங்கோடன்.

"ஏன்யா?"

"என்னன்னே தெரியாம எப்புடிங்க ஒத்துக்கறது?"

"தெரிஞ்சா ஒத்துக்குவியா?"

"தெரிஞ்சா சண்டையே போடுவனுங்க."

வெளியே மாடுகள் கத்த ஆரம்பித்தன. சங்கத்தின் ஒரே உறுப்பினர் மறுத்தால் மொத்த உறுப்பினர்களும் மறுத்ததாகிவிடும். அரைமணி நேரம் வாதாடினார்கள். ஒரு எருமைக்காரர் கயிற்றோடு கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டார். கடைசியில் ராக்கியப்பனே ஒரு வழி சொன்னார். நியாயமாகப் பார்த்தால் அவர் சும்மா இருந்திருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் கெட்டால் அவருக்குத்தான் லாபம். வாக்குவாதம் சூடுபிடித்ததில் தான் எந்தக் கட்சி என்பதை மறந்துவிட்டார்.

"செங்கோடா, போயி நாலு டீ சொல்லிட்டு வா."

செங்கோடன் டீ சொல்லப் போனார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நாச்சிமுத்து கட்டத்தைத் தட்டினார். பிறகு காளையின் விலா எலும்பை எண்ணுவது போல ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினார். கூடவே கோத்து வைத்திருந்த பிரிண்டர் உறுமி, சீட்டு வந்தது. "செவலைக் காளை, ஒரு சோடி" என்று அதில் அழகாக அச்சாகியிருந்தது. கேட்டில் இருந்த ஆள் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, கேட்டைத் திறந்தார்.

மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கொட்டகை தப்பித்தது. ராக்கியப்பனின் மீசை தப்பிக்கவில்லை என்பது ராக்கியப்பனுக்கே தெரிந்தது. ஓரமாக நின்று இரண்டு நுனியையும் கடைசியாக ஒருமுறை முறுக்கிவிட்டுக்கொண்டார். அம்பட்டர் பெட்டியோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பது அவர் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

சந்தை கலைந்ததும் பொங்கியண்ணன் தீர்ப்புச் சொல்ல எழுந்தார்.

"தரகர் பெருமக்களே. நாச்சிமுத்து கொண்டாந்த உருப்படி வேலை செஞ்சுது. இல்லைன்னு சொல்லல. ஆனா காத்தாலருந்து எவ்வளவு சத்தம்? கரண்டு போனப்ப படுத்துக்கிச்சு. எல்லாத்துக்கும் மேல, நம்மளப் பாத்துக் கேள்வி கேட்டுச்சு. ஒத்துக்கறயா இல்லையான்னு மெரட்டுச்சு. படுத்துக்கிட்டு மெரட்டற மாட்ட நாம சந்தையில என்னன்னு சொல்லுவோம்?"

"சண்டிங்க" என்றார் செங்கோடன்.

"இந்தப் பக்கம் கம்பெனி கம்ப்யூட்டர். ஒரு சத்தம் உண்டா? ஒரு தப்பான சீட்டு வந்துச்சா? கரண்டு போனது அதுக்குத் தெரியுமா? அடுத்த கம்ப்யூட்டர முதுகுல தூக்கி வெச்சப்பவும் ஒரு கால் மடங்கல. நான் பார்த்த உருப்படிகள்லயே இவ்வளவு சாது இல்ல."

"அது பெட்டிக்குள்ள இருக்குதுங்க தலைவரே" என்றார் நாச்சிமுத்து.

"பெட்டிக்குள்ள இருக்கறப்பவே இவ்வளவு குணம்னா, வெளிய வந்தா எப்புடி இருக்கும்னு நெனச்சுப் பாருய்யா."

நாச்சிமுத்து நினைத்துப் பார்த்தார்.

"ஆகவே ஒண்ணு வேலைக்கு நல்லது. இன்னொண்ணு குணத்துக்கு நல்லது. ரெண்டுமே வாங்கத் தகுந்ததுதான். ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க."

ராக்கியப்பன் மூச்சுவிட்டார். ஆனால் செங்கோடன் கையைத் தூக்கினார். "வேலையில பொருளாளரு தோத்தாருங்க. குணத்துல செயலாளரு தோத்தாருங்க. ஆளுக்குப் பாதி தோத்திருக்கறாங்க. பந்தயம்னு ஒண்ணு கட்டுனா அது சும்மா போகலாமுங்களா?"

அவர் ஒரே உறுப்பினர். அவர் பேச்சைத் தள்ள முடியாது.

புளியமரத்தடியில் அம்பட்டர் கத்தியைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "எந்தப் பாதிங்க?"

அதுவரை இடிந்துபோய் உட்கார்ந்திருந்த ராக்கியப்பனுக்கு அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. கொம்பு முறிந்த இரண்டு காளைகளை விற்கும்போது தரகர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. ஒன்றுக்கு இடது கொம்பு முறிந்து, இன்னொன்றுக்கு வலது கொம்பு முறிந்திருந்தால், முறிந்த பக்கம் இரண்டும் உள்ளே வருகிற மாதிரி நெருக்கி நிறுத்திவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கொம்பு சரியாக இருக்கும்.

"எனக்கு இடது பாதிய எடுங்க" என்றார். "மச்சானுக்கு வலது பாதி."

"எதுக்கு மாப்ளே?" என்றார் நாச்சிமுத்து.

"ஞாயித்துக்கெழம நீ என்னய விட்டு ஒரு அடி நகரப்படாது."

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியபோது, வாசலில் ராக்கியப்பனும் நாச்சிமுத்துவும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று நாலு கையால் கும்பிட்டார்கள். இந்த ஓரத்தில் ஒரு கொம்பு, அந்த ஓரத்தில் ஒரு கொம்பு. தெய்வாத்தாள் தூணுக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அத்தியப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தன் மனைவி பக்கம் திரும்பினார். "போட்டோவுல பாத்ததுக்கு நேர்ல கொஞ்சம் ஒடம்பு வெச்சிருக்கறாரு. ஆனா மீசை அதே மீசைதான்."

"கையி நாலு இருக்குதுங்களே" என்றாள் அந்த அம்மாள்.

"தோட்டங்காடு பாக்கறவரு. வேண்டியிருக்குமல்ல."

தெய்வாத்தாளுக்கு உயிர் வந்தது. எல்லாரும் பந்தலில் உட்கார்ந்தார்கள். முன்வரிசை நாற்காலியில், புதுக்கயிறும் சந்தனப் பொட்டுமாக, குடைக்குக் கீழே ஜெனிட்ரா பெட்டி இருந்தது. எதிரே மோர். அத்தியப்பன் அதை மரியாதையோடு பார்த்தார்.

"இவரு யாருங்க?"

"எங்க குடும்பத்துல ஒருத்தருங்க" என்றார் ராக்கியப்பன். பக்கத்தில் நாச்சிமுத்துவும் சேர்ந்து தலையாட்டினார். ஆட்டாவிட்டால் மீசை கோணிக்கொள்ளும்.

"உள்ளேயே இருக்கறாரே. வெளிய வரமாட்டாரா?"

"மூணு வருசம் ஆகுமுங்க. அதுவரைக்கும் பிரிக்கப்படாதுன்னு கண்டிசனா சொல்லியிருக்கறாங்க."

அத்தியப்பன் தட்டிலிருந்த வெற்றிலையைத் தடவினார். "அப்ப அடுத்த மாசம் கல்யாணத்துக்கு இவரு வரமாட்டாருன்னு சொல்லுங்க."

"எப்புடிங்க வருவாரு?"

"குடும்பத்துல ஒருத்தர உள்ள போட்டு வெச்சுட்டு நாம மட்டும் பந்தி போட்டுச் சாப்பிட்டா ஊரு என்ன பேசும்? நிச்சயம் இன்னிக்கு முடியட்டும். கல்யாணத்த இவரு வெளிய வந்தப்புறம் வெச்சுக்கலாமுங்க."

பொங்கியண்ணன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். உள்ளே பூங்கோதை, அப்படியானால் காலேஜை முடித்துவிடலாம் என்று மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சம்பந்தி வீட்டார் போன பிறகு, இரண்டு பேரும் ஒருவழியாகக் கன்னத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து தேய்ந்துபோன கன்னத்தைத் தடவினார்.

"மூணு வருசம் இருக்குது மாப்ளே. அதுக்குள்ள உனக்கும் எனக்கும் முழு மீசை மொளச்சிரும். கவலைய உடு."

ராக்கியப்பன் சிரிக்கப்போனவர், பாதியில் நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், முழுசா மொளச்சிருச்சுன்னா கல்யாணத்தன்னிக்குச் சம்பந்திக்கு நம்மள எப்புடி அடையாளந் தெரியும்?"

நாச்சிமுத்துவுக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு பேரும் செருப்பைக்கூடப் போடாமல் அம்பட்டர் வீட்டுக்கு ஓடினார்கள். அன்றிலிருந்து வாராவாரம், சந்தை கலைந்ததும், ஒருவர் இடது பாதியும் மற்றவர் வலது பாதியும் தவறாமல் எடுத்துக்கொள்கிறார்கள். அசெம்பிள் கம்ப்யூட்டர் சீட்டு அடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அடியில் கம்பெனி கம்ப்யூட்டர் இன்றுவரை ஒரு தடவைகூட ரிப்பேர் ஆனதில்லை.